ரூம்மேட்டுக்கு விட்டுவிட்டு வாந்தி, வெந்நீரில் நின்றால்தான் அடங்குகிறது. கஞ்சாவா காரணம்?

பேஸ்மென்ட்வாசி:
டொராண்டோவில் மூன்று பேர் ஒரு பேஸ்மென்ட்டில் இருக்கிறோம். ஒருவனுக்கு (27 வயது) எட்டு மாதமாக, ஆறு ஏழு வாரத்துக்கு ஒருமுறை வாந்தி. ஆரம்பித்தால் இரண்டு நாள் தண்ணீர்கூடத் தங்காது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்துகிறான், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி பிரியாணி சாப்பிடுவான். எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம் நார்மல். வெந்நீர் ஷவரில் நின்றால் மட்டும் அடங்குகிறதாம். போன தடவை விடியற்காலை மூன்று மணிக்கு உள்ளே போனவன் டாங்க்கில் வெந்நீர் தீரும்வரை வரவில்லை, மேலே இருக்கும் ஓனர் இறங்கி வந்து கதவைத் தட்டிவிட்டார். நாலைந்து வருடமாகத் தினமும் கஞ்சா பிடிக்கிறான். கேட்டால் குமட்டலுக்கு அதுதான் மருந்து என்கிறான்.

நைட்ஷிப்ட்:
எமர்ஜென்சியில் நர்ஸாக இருக்கிறேன். வெந்நீர் என்று படித்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. கன்னபினாய்ட் ஹைப்பரெமெசிஸ் சிண்ட்ரோம் என்பார்கள், நீண்ட நாள் கஞ்சாவால் வரும் கடும் வாந்தி. 2004-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மலைப்பகுதி நோயாளிகளை வைத்துத்தான் இது முதலில் விவரமாக எழுதப்பட்டது, பத்துப் பேரில் ஒன்பது பேர் இதே மாதிரி வெந்நீரே கதியென்று கிடந்தவர்கள். ஆனால் வெந்நீரை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, சைக்ளிக் வாமிட்டிங் என்று இதேபோல விட்டுவிட்டு வாந்தி வரும் இன்னொரு நோய் இருக்கிறது, கஞ்சாவைத் தொடாத அந்த ஆட்களும் இப்படி வெந்நீரில் நிற்பதுண்டு. கஞ்சாவை நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும், அதுவும் ஒரு மாதம் போதாது, குறைந்தது ஆறு மாதம்.

அடுத்த தடவை எமர்ஜென்சிக்குப் போகும்போது கஞ்சாவை மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கே 2018 அக்டோபரிலிருந்து சட்டப்படி சரிதானே, என்ன பயம்? சொன்னால் வாந்திக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஒண்டான்செட்ரானோடு நிறுத்த மாட்டார்கள். கனடாவில் செய்த ஒரு ஆய்வில் மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால்தான் அதைவிட நன்றாகக் கேட்டது. மிளகாயில் இருக்கும் கேப்சைசின் சேர்த்த கிரீமை வயிற்றில் தடவுவதும் உண்டு, வெந்நீர் தூண்டும் அதே நரம்பு வழியைத்தான் அதுவும் தூண்டுகிறது என்கிறார்கள். சிறுநீர் குறைந்தாலோ தலை சுற்றினாலோ காத்திருக்காதீர்கள். பொட்டாசியம் இறங்கும், கிட்னி அடிவாங்கும்.

சும்மாகேட்டேன்:
எதற்கெடுத்தாலும் கஞ்சா மேல் பழியா? கீமோ வாந்திக்கு நபிலோன் என்று ஒரு மருந்து கொடுக்கிறார்களே, அது கஞ்சாச் சரக்கின் தம்பிதானே?

நைட்ஷிப்ட்:
தம்பிதான், ஆனால் அளவு இருக்கிறதே. கொஞ்சமாக இருந்தால் குமட்டலை அடக்கும், வருடக்கணக்கில் தினமும் ஏறினால் சிலருக்கு அதுவே திருப்பி அடிக்கிறது. எல்லாருக்கும் வராது, ஏன் சிலருக்கு மட்டும் என்பது இன்னும் பிடிபடவில்லை.

பழையபாவி:
நான் அனுபவித்தவன். கேஸ்ட்ரிக் என்று ஒன்றரை வருடம் மாத்திரை தின்றேன், அம்மா போனிலேயே எலுமிச்சம்பழம் சுற்றச் சொன்னார், சுற்றினேன். அந்த ஷவர் சுகம் வெளியே வந்து ஐந்து நிமிடம்கூட நிற்காது, அதனால் சூட்டை ஏற்றிக்கொண்டே போய் முதுகு கொப்பளித்துவிட்டது, அவனுடைய முதுகையும் ஒருமுறை பாருங்கள். நிறுத்திய முதல் இரண்டு வாரம் தூக்கமே இல்லை, எரிந்து எரிந்து விழுவேன். நாலு மாதம் நன்றாக இருந்துவிட்டு, புகைதானே ஆகாது என்று கஞ்சா கலந்த கம்மி மிட்டாய் (gummy) சாப்பிட ஆரம்பித்தேன், மூன்றாவது வாரமே பக்கெட்டும் கையுமாக உட்கார்ந்தேன்.

பேஸ்மென்ட்வாசி:
முதுகைப் பார்த்தேன், சிவந்துதான் இருக்கிறது. இந்தத் திரியைக் காட்டினேன், முழுக்கப் படித்தான், ஒன்றும் பேசவில்லை. கம்மி மிட்டாய் பற்றிய வரியை மட்டும் இரண்டு தடவை படித்தான்.