கீஹோலா, டபுள் இன்சிஷனா? தழும்பு வேண்டாம்னு நினைச்சா தப்பா?

கூடல்காரன்
அண்ணன்மாருக்கு வணக்கம். நான் திருநம்பி, வயசு 26. டி (டெஸ்டோஸ்டிரோன், ஆண் ஹார்மோன்) போட ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் தாண்டிருச்சு. காலேஜ்லேர்ந்து நெஞ்சை அமுக்கிக் கட்டுற பைண்டர்தான், அதுக்கு முன்னாடி க்ரேப் பேண்டேஜ். நெஞ்சு நடுத்தர சைஸ். நெஞ்சைத் தட்டையாக்குற ஆபரேஷனுக்காகப் போன வாரம் பார்த்த டாக்டர் தோலைக் கிள்ளிப் பார்த்துட்டு "உனக்கு டபுள் இன்சிஷன்தான்"னு ஒரே வரில முடிச்சுட்டார். எனக்கு மனசு ஒப்பல. குறுக்கால ரெண்டு கோடு, நிப்பிளைத் தனியா எடுத்து மறுபடி ஒட்டுறதுன்னு கேட்டதுமே வயித்தைக் கலக்குது. சின்ன வெட்டோட முடியற கீஹோலோ பெரியோ (பெரி-ஏரியோலர்) பண்ற வேற டாக்டரைத் தேடலாமா? வருஷா வருஷம் திருச்செந்தூர் போற குடும்பம்ணே. அங்க ஆம்பளைங்க சட்டையைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும். நான் மட்டும் ஏதாவது சாக்கு சொல்லி வெளியவே நின்னுக்கிட்டு இருக்கேன். இந்த ஆபரேஷனே அதுக்குத்தான். தழும்போட போய் நின்னா என்ன பிரயோஜனம்?

ஆரல்வாய்மொழி
தம்பி, டாக்டர் பேசின விதம் சரியில்ல, சொன்ன விஷயம் சரி. கீஹோல்ல நிப்பிளைச் சுத்தி இருக்க கருவட்டத்தோட கீழ் ஓரத்துல பிறை மாதிரி ஒரு வெட்டு. அது வழியா உள்ள இருக்கதை எடுப்பாங்க, தோலை எடுக்க மாட்டாங்க. மிச்சத் தோல் தானாச் சுருங்கணும். ரொம்பச் சின்ன நெஞ்சு, இறுக்கமான தோல், இது ரெண்டும் இருந்தாத்தான் அது நடக்கும். வருஷக்கணக்கா பைண்டர் போட்ட தோல் காத்து போன பலூன் மாதிரி ஆயிருக்கும், பாத்துக்கோ. பெரில கருவட்டத்தைச் சுத்தி கொஞ்சம் தோலையும் எடுத்துச் சுருக்குப்பை மாதிரி இழுத்துத் தைப்பாங்க. அதுக்கும் ஒரு அளவு இருக்கு. மீறினா சுத்தி மடிப்பு மடிப்பா நிக்கும், கருவட்டமும் நாளாக நாளாக விரியும்.

நான் டபுள் இன்சிஷன் பண்ணவன். சுசீந்திரம் கோயில்லயும் சட்டை போடக் கூடாது. போகத்தான் செய்றேன். ஒரு பெரியவர் "என்ன ஆபரேஷன் மக்கா?"ன்னார். "நெஞ்சுல கட்டி"ன்னேன். உடனே அவர் பித்தப்பையில கல்லு எடுத்த கதையை ஆரம்பிச்சுட்டார், தெற்குப் பிரகாரம் முடியற வரைக்கும் நிறுத்தல. தழும்பை யாரும் அவ்வளவு ஆராய மாட்டாங்க. நெஞ்சு தட்டையா இருக்கான்னு மட்டும்தான் கண்ணு பார்க்கும்.

மெரினாகாத்து
எப்ப யார் கேட்டாலும் டபுள் இன்சிஷன்தான் பதிலா? நடுத்தர சைஸ்தான் எனக்கும். பெரி பண்ணேன். ஓரத்துல லேசா சுருக்கம் இருக்கு, மறுக்கல. ரெண்டாவது தடவை சரி பண்ண வேண்டி வரலாம்னு முதல்லயே சொன்னாங்க, வந்துச்சு, பண்ணிட்டேன். ஆனா தொட்டா உணர்ச்சி இருக்கு. நீங்க அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே? டபுள் இன்சிஷன்ல நிப்பிளை எடுத்து ஒட்டி கிராஃப்ட் பண்ணும்போது நரம்போட தொடர்பே அறுந்துடுது. அப்புறம் அழுத்தினா ஏதோ தெரியும், பழைய உணர்ச்சி பெரும்பாலும் வராது. 26 வயசுப் பையன்கிட்ட இதைச் சொல்லாம "தட்டையா இருக்கும் தம்பி"ன்னா எப்படி?

இன்னொண்ணு. வெளிநாட்டுப் பசங்க போடற படத்தைப் பார்த்துட்டு எல்லாரும் பேசறோம். நம்ம கருப்புத் தோல்ல ஒட்டின நிப்பிள் அங்கங்க நிறம் போய் வெள்ளைத் திட்டாகும். நெஞ்சுத் தழும்பு கீலாய்டா தடிக்கிற வாய்ப்பும் நமக்கு ஜாஸ்தி. இதெல்லாம் அந்த ஒரே வரி டாக்டர் சொன்னாரா?

ஆரல்வாய்மொழி
உணர்ச்சி விஷயம் நியாயமான கேள்விதான். எனக்கு முன்னாடியும் அந்த இடத்துல உணர்ச்சி இருக்கது பிடிக்காது, அதனால இழப்பாத் தெரியல. அது ஆளுக்கு ஆள் மாறும். ஆனா "ரெண்டாவது தடவை வந்துச்சு, பண்ணிட்டேன்"னு சுலபமாச் சொல்றீங்க. மறுபடி மயக்க மருந்து, மறுபடி லீவு, மறுபடி காசு. பெல்ஜியத்துல கென்ட் நகர டாக்டர்கள் 2008ல ஒரு கட்டுரை போட்டாங்க. 92 பேருக்குப் பண்ணதை வச்சு, யாருக்கு எந்த முறைன்னு வரிசைப்படுத்தினது. அதுல மூணுல ஒருத்தருக்குக் கிட்ட வடிவத்தைச் சரி பண்ண மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கு. முறையைத் தீர்மானிக்கிறதுல தோலோட அளவும் இழுவையும்தான் முக்கியம்னு அவங்க சொல்றாங்க. நம்ம ஆசைக்கு அப்புறம்தான் இடம்.

டிரெஸ்ஸிங்ரூம்
நானும் திருநம்பிதான், பிளாஸ்டிக் சர்ஜரி வார்டுல நர்ஸ். சண்டைக்கு நடுவுல சில விஷயம்.

சின்ன வெட்டுன்னா சின்ன ஆபரேஷன்னு நினைக்காதீங்க. சின்ன ஓட்டை வழியா வேலை பண்ணும்போது ரத்தம் கசியற இடம் டாக்டர் கண்ணுக்கு நேராத் தெரியாது. அதனால கீஹோல், பெரில ரத்தம் உள்ள கட்டிக்கிறதைக் கொஞ்சம் அதிகமாவே பார்க்கிறோம். ஒரு பக்கம் மட்டும் திடீர்னு வீங்கி விண்ணுனு வலிச்சா அது ராத்திரி ரெண்டு மணியானாலும் சொல்லணும், விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது.

கிராஃப்ட்ல நிப்பிள் மேல பஞ்சு உருண்டை மாதிரி வச்சுத் தைச்சு விடுவாங்க. கிட்டத்தட்ட ஒரு வாரம் கழிச்சுப் பிரிப்போம். பிரிச்சதும் கன்னங்கரேல்னு இருக்கும். "போச்சு, செத்துப் போச்சு"ன்னு அழாத ஆளை நான் பார்த்ததில்ல. பெரும்பாலும் மேல் பொருக்குதான் கருப்பு, உதிர்ந்ததும் கீழ இளஞ்சிவப்பா வரும். ஆனா சிகரெட், பீடி, வேப் எதுவானாலும் நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும், அப்ப நிஜமாவே சாகும். பல வாரம் முன்னாடியே விட்டுடணும், எந்த முறையா இருந்தாலும்.

கீலாய்டு பயம் இருந்தா உன் கைல பிசிஜி ஊசித் தழும்பைப் பாரு, காது குத்தின இடத்தையும் பாரு. எல்லை தாண்டித் தடிச்சு வளர்ந்திருந்தா டாக்டர்கிட்ட காட்டு. சிலிக்கான் ஷீட், ஸ்டீராய்டு ஊசின்னு முன்கூட்டியே திட்டம் போடலாம்.

ரெண்டு பேரும் சொல்லாத மூணாவது வழி ஒண்ணு இருக்கு. பட்டன்ஹோல். நிப்பிளை முழுசா வெட்டாம அடியில ஒரு தண்டோட விட்டு, மேல் தோல்ல ஓட்டை போட்டு வெளிய எடுப்பாங்க. உணர்ச்சி மிஞ்ச வாய்ப்பு அதிகம். குறுக்குத் தழும்பும் வரும், அந்தத் தண்டு இருக்கிறதால நெஞ்சு முழுத் தட்டையாவும் ஆகாது.

கூடல்காரன்
பட்டன்ஹோல்னு ஒண்ணு இருக்கதே இப்பத்தான் தெரியும். பிசிஜி தழும்பு சப்பையாத்தான் இருக்கு. பக்கவாட்டுல தோல் வெடிப்புக் கோடு இருக்கு, அது பிரச்சனையா? அப்புறம், கூட ஒரு வாரம்தான் அம்மாவால இருக்க முடியும்.

டிரெஸ்ஸிங்ரூம்
அந்தக் கோடு தோலோட இழுவை போனதுக்கு அடையாளம். கீஹோலுக்கு அது சாதகமில்ல. அம்மா போன பிறகும் கையைத் தோளுக்கு மேல தூக்காம இருக்கணும், ஒரு மாசத்துக்கு மேல வெயிட் தூக்கக் கூடாது. தலைக்கு ஊத்திவிட, துணி அலச ஆள் பார்த்து வை. டைட்டான வெஸ்ட்டும் சில வாரம் போடணும், அதனால சித்திரை வெயில்ல தேதி வாங்காத. இது எல்லா முறைக்கும் பொது.

மெரினாகாத்து
கீஹோல் ஒத்து வராதுன்னா சரி, ஒத்துக்கிறேன். பெரியை இன்னும் விடாத. வேற டாக்டரைப் பாரு. "உனக்கு எது முக்கியம், தட்டையா, உணர்ச்சியா, தழும்பா?"ன்னு அவர் கேக்கிறாரான்னு கவனி. அவரே பண்ணின, நம்ம நிறத்து ஆளுங்க படம் கேளு. தையல் பிரிச்ச வாரத்துப் படம் வேண்டாம், ஒரு வருஷம் ஆனதைக் காட்டச் சொல்லு.

ஆரல்வாய்மொழி
வேற டாக்டரைப் பாக்கட்டும், நான் தடுக்கல. ஆனா ஒருத்தர் முடியாதுன்னதை முடியும்னு சொல்றார்ங்கிறதுக்காக மட்டும் அவர்கிட்ட போகாத. பைண்டர் போட்ட வருஷக் கணக்கை மறைக்காமச் சொல்லு. "சரியா வரலைன்னா ரெண்டாவது ஆபரேஷனுக்கு யார் காசு?"ன்னு முதல் நாளே கேட்டுரு.

கூடல்காரன்
அடுத்த மாசம் சென்னைல ஒருத்தர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன்ணே. பெரி, பட்டன்ஹோல் ரெண்டையும் கேக்கிறேன். மெரினா அண்ணே, உங்க படம் இன்பாக்ஸ்ல அனுப்ப முடியுமா?

மெரினாகாத்து
ராத்திரி அனுப்பறேன். சுருக்கம் தெரியற மாதிரியே எடுத்து அனுப்பறேன், லைட் போட்டு மறைக்கல.

ஆரல்வாய்மொழி
என்னோடதும் வரும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு.

மெரினாகாத்து
எப்ப எடுத்த படம்னு தேதியோட அனுப்புங்க அண்ணே 🙂