இருமுனைக் கோளாறு: மைட்டோகாண்ட்ரியா காரணமா, விளைவா?

நரம்புமுடிச்சு:
மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறின் வேர், உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கலாம் என்று ஜப்பானிய மனநல ஆய்வாளர் தடாஃபூமி காட்டோ 2000-ல் முன்வைத்தார். அதை வெறும் தொடர்பு என்று ஒதுக்குவோர் ஜப்பானில் அவர் குழு 2016-ல் வெளியிட்ட எலி ஆய்வைப் படிக்கட்டும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் படியெடுக்கும் போல்ஜி நொதி, நரம்பணுக்களில் மட்டும் கெடுக்கப்பட்டது. மூளையின் நடுவிலுள்ள தலாமஸின் ஒரு சிறு பகுதியில், மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் துண்டுகள் விடுபட்ட இழப்புகள் குவிந்தன. சராசரியாக 2 வாரம் நீடிக்கும் சோர்வு தானாக வந்து போனது. எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மருந்து கொடுத்தால் தணிந்தது, இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியத்தை நிறுத்தினால் மோசமானது.

அளவுகோல்:
எலி சரி, நோயாளிகள்? பெரும்பாலோருக்கு போல்ஜி பிறழ்வே கிடையாது. பெரிய மரபணு ஆய்வுகள் காட்டுவது காக்னா1சி என்ற கால்சியம் வாயில் ஜீனை. இறந்தவர் மூளை ஆய்வுகளும் உதவாது. உயிர் பிரிய நேரமானால் ஆக்சிஜன் குறைந்து லாக்டேட் ஏறும், பிஎச் இறங்கும் (அதாவது மூளை அமிலமாகும்), மைட்டோகாண்ட்ரியா ஜீன்களின் செயல்பாடும் கூடவே இறங்கும். நாம் பார்ப்பது நோயின் தடயமா, சாவின் தடயமா?

நரம்புமுடிச்சு:
பிஎச் சமமாக்காத ஒப்பீடு செல்லாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கால்சியம் எனக்குத்தான் சாட்சி. உள்ளே பாயும் கால்சியத்தை வாங்கி வைத்துக்கொள்வதே மைட்டோகாண்ட்ரியாதானே? மூளையின் வேதிப்பொருள்களை வெளியிலிருந்தே அளக்கும் பாஸ்பரஸ் எம்ஆர்எஸ் பரிசோதனையில் உயிரோடிருக்கும் நோயாளிகளின் முன்மூளையிலும் ஆற்றல் சேமிப்பான கிரியேட்டின் பாஸ்பேட் குறைந்திருந்தது.

அளவுகோல்:
அவர்களில் பலர் மருந்து எடுப்பவர்கள். அதோடு, 181 பேருக்கு 16 வாரம் நடந்த இருமுனை மனச்சோர்வுச் சோதனையில் என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பியும், அதனோடு சேர்த்துக் கொடுத்த மைட்டோகாண்ட்ரியா ஊட்டக் கலவையும், முதன்மை அளவீட்டில் போலி மருந்தை முந்தவில்லை.

நரம்புமுடிச்சு:
மைட்டோகாண்ட்ரியா பழுதானவர்களைப் பிரித்தெடுக்காமல் எல்லோருக்கும் கொடுத்தால் பலன் கரைந்துவிடும். முதலில் ரத்த அணுக்களில் அளக்க வேண்டும்.

பைப்பெட்:
அந்த அளவீட்டில்தான் நிறைய கோளாறு. அணுக்களின் ஆக்சிஜன் நுகர்வை அளக்கும் சீஹார்ஸ் கருவியில் வைக்கும் வெள்ளணு மாதிரியில் தட்டணுக்கள் ஒட்டியிருந்தால், அவற்றின் சுவாசமும் கணக்கில் சேரும். மையவிலக்கில் 200 ஜி (புவியீர்ப்பைப்போல் 200 மடங்கு) விசையில் 10 நிமிடம் மெதுவாகச் சுழற்றி, மேல்நீரை நீக்கி, இரண்டு மூன்று முறை கழுவுங்கள். மைட்டோகாண்ட்ரியாவை உச்ச வேகத்தில் சுவாசிக்க வைக்கும் எஃப்சிசிபி வேதிப்பொருளின் அளவை 0.5 முதல் 2 மைக்ரோமோலார் வரை படிப்படியாகச் சோதித்து முடிவு செய்யுங்கள். கூடினால் சுவாசம் சரிந்து, நல்ல அணுவுக்கும் கையிருப்புத் திறன் (தேவைப்பட்டால் கூட்டக்கூடிய சுவாசம்) இல்லாததுபோல் தெரியும்.

அளவுகோல்:
அப்படி அளந்து, ஒரே நோயாளியைச் சோர்விலும் தெளிவிலும் ஒப்பிட்டால் பார்க்கிறேன்.

பைப்பெட்:
அதற்குக் காத்திருக்க வேண்டாத விஷயம் ஒன்று: போல்ஜி பிறழ்வு உள்ளவருக்கு வலிப்புக்கும் இருமுனைக் கோளாறுக்கும் தரும் வால்ப்ரோயேட் மருந்தைக் கொடுத்தால் கல்லீரல் செயலிழந்து உயிரே போகலாம். இமை தொங்குதல், கண் அசைவுக் குறை, காரணம் தெரியாத வலிப்பு குடும்பத்தில் இருந்தால் மருந்தைத் தொடங்கும் முன்பே ஜீன் பரிசோதனை செய்யுங்கள்.