25 மடங்கு கணக்கைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பேரேடு:

வயது 37. சின்ன நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். போன வருடம் எல்லாருக்கும் சம்பளத்தில் 15 சதவீதம் வெட்டு. சம்மதம் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடப் போனால் என் பேனாவில் மை வரவில்லை. முதலாளியே தன் பேனாவைத் திறந்து நீட்டினார். வாங்கிப் போட்டுவிட்டு, நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன். அன்றிரவு உட்கார்ந்து, வேலை வேண்டாம் என்றிருந்தால் எத்தனை நாள் ஓட்டியிருக்க முடியும் என்று கணக்குப் பார்த்தேன். 19 நாள். ஊர்க் கணக்கெல்லாம் எழுதுகிறவளின் சொந்தக் கணக்கு இது.

அப்புறம் பொருளாதாரச் சுதந்திரம், அதாவது சம்பளம் இல்லாமலே சேமிப்பில் வாழ்வது, என்று தேடிப் படித்தால், ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்க்கச் சொல்கிறார்கள். என்னால் முக்கி முனகி வருமானத்தில் 10 சதவீதம் மிச்சம் பிடிக்க முடியும். விலைவாசி போக 5 சதவீதம் வளர்ந்தாலும் 51 வருடம் ஆகிறது. 88 வயதில் சுதந்திரம்! கிரெடிட் கார்டு பாக்கியும் வண்டிக் கடனும் தனி. என் போன்றவர்கள் இதை யோசிப்பதே வீண் வேலையா?

இரண்டாம் ஷிப்ட்:

கணக்கு சரிதான், எடுத்துக்கொண்ட அளவுகோல்தான் உங்களுக்கானது இல்லை. அந்த 25 எங்கிருந்து வந்தது தெரியுமா? வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் ஒரு கட்டுரை எழுதினார். ஓய்வு பெற்றவர் முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுக்கிறார், பிறகு விலைவாசிக்குத் தகுந்தபடி அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போகிறார். பணம் 30 வருடம் தாங்குமா? 1926 முதலான அமெரிக்கப் பங்கு, கடன்பத்திர விவரங்களை வைத்துப் பார்த்தார், தாங்கியது. 4 சதவீதத்தைத் திருப்பிப் போட்டால், அதாவது நூறை நான்கால் வகுத்தால், 25 மடங்கு. வேலையை விட்டு ஓய்வில் உட்காரப் போகிறவருக்கான கணக்கு அது. சம்பள வெட்டில் நிற்பவர் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டத்தான் செய்யும்.

நான் மாதக் கணக்கில்தான் எண்ணுவேன். வருமானத்தில் கால் பங்கு சேர்ப்பவருக்கு ஒரு வருட உழைப்பில் 4 மாதச் செலவு கையில் நிற்கும். 10 சதவீதம் என்றால் 40 நாள். உங்கள் 19 நாள் அடுத்த வருடம் 59 நாள் ஆகும். சிரிக்காதீர்கள், இதன் அருமை எனக்குத் தெரியும்.

எனக்கும் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் ஒரே நாளில் வேலை போனது. அவர் சம்பளம் என்னுடையதைவிட ஒன்றரை மடங்கு. இரண்டாவது மாதம் ஒரு இடத்தில் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள்: பாதிச் சம்பளம், இரண்டு வருட ஒப்பந்தம். என்னிடம் இன்னும் 5 மாதத்துக்கு இருந்தது, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். அவருக்கு அடுத்த வாரம் தவணை. அங்கேயே கையெழுத்துப் போட்டார். எனக்கு ஐந்தாவது மாதம்தான் வேலை கிடைத்தது. கடைசி மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் கிடைத்தது பழைய சம்பளத்தில்.

ஒன்று செய்யுங்கள். வேலை இல்லாவிட்டால் தானாக நின்றுபோகும் செலவுகளைக் கழித்துவிட்டு அந்த 19 நாளை மறுபடி எண்ணிப் பாருங்கள்.

குறைந்தபட்சத் தொகை:

பெயரைப் பார்த்தே என் கதை புரியும். மூன்று வருடம் கார்டுக்கு அதை மட்டும் கட்டியவன். மாதம் 3 சதவீத வட்டிதானே என்று இருந்தேன். வட்டிக்கு வட்டி ஏறினால் அது வருடத்துக்கு 42.6 சதவீதம். அதை அடைப்பதைவிட நல்ல முதலீடு எதுவும் கிடையாது. ஆனாலும் முதலில் ஒரு மாதச் செலவைத் தனியாக ஒதுக்கிவிட்டுப் பிறகு கார்டு பாக்கியில் கை வையுங்கள். நான் இருந்ததையெல்லாம் வழித்துக் கட்டினேன். அடுத்த வாரமே அப்பாவுக்குப் பல்வலி, மறுபடி அதே கார்டு.

கார்டை வெட்டிப் போடவில்லை. போனில் சேமித்திருந்த எண்ணை மட்டும் எல்லா இடத்திலும் அழித்தேன். எழுந்துபோய்ப் பையைத் தேடி 16 இலக்கமும் அடிப்பதற்குள் பாதி ஆசை அடங்கிவிடுகிறது.

ஓரமாய் ஒருவன்:

எல்லாரும் சேமி சேமி என்றே பேசுகிறீர்கள். செலவைக் குறைக்க ஒரு தரை உண்டு, இவர் ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறார் போலிருக்கிறது. கணக்கு தெரிந்தவர், மாலையில் இரண்டு சிறு வியாபாரிகளுக்கு எழுதிக் கொடுத்தால் வருமானம் கூடுவது மட்டுமில்லை, ஒரே ஆளை நம்பி இருப்பதும் குறையும். இன்னொன்று, அவசரப் பணத்தைப் பங்கில் போட்டுவிடாதீர்கள். வேலை போகிற காலமும் சந்தை விழுகிற காலமும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் வரும். 40 சதவீதம் விழுந்தால் பழைய இடத்துக்கு வர 67 சதவீதம் ஏற வேண்டும். சும்மா கிடந்தால் விலைவாசி தின்னும், உண்மைதான். 6 சதவீதப் பணவீக்கத்தில் 12 வருடத்தில் பாதி மதிப்பு போய்விடும். அதைக் கையருகே வைத்திருப்பதற்கான கூலி என்று விட்டுவிடுங்கள்.

பேரேடு:

எல்லாருக்கும் நன்றி. போக்குவரத்து, அலுவலகத்தில் மாதாமாதம் பிடிக்கும் சீட்டு, இதையெல்லாம் கழித்தேன். 26 நாள் வருகிறது. கார்டு எண்ணையும் அழித்துவிட்டேன். பாழாய்ப்போன நினைவாற்றல், கடைசி நான்கு இலக்கம் மனப்பாடம்!

ஒரு மாதச் செலவு சேர்ந்ததும் கார்டு பாக்கியைத் தொடுவதாக முடிவு. மாலை வேலைக்கு ஒருவரிடம் கேட்டிருக்கிறேன், மூன்று வருடக் கணக்கு மூட்டையாகக் கிடக்கிறதாம். வண்டியை விற்றுக் கடனை அடைக்கலாமா என்பதை வீட்டில் இன்னும் பேசவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை.