குழந்தை அறைக்கு 500 ரிங்கிட்: வழி சொல்லுங்கள்

பினாங்கு அக்கா, அண்ணன்மாருக்கு வணக்கம். ஆயர் ஈத்தாமில் வாடகை அடுக்குமாடி வீடு. மார்கழியில் குழந்தை பிறக்கவிருக்கிறது. சின்ன அறையை 500 ரிங்கிட் செலவுக்குள் நாங்களே அலங்கரிக்கப் போகிறோம். திரைச்சீலைக்கு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகள் போதும். தொல்லை சுவரில்தான்: மழைக்காலம் வந்தால் ஒரு பக்கம் முழுவதும் பூஞ்சை பிடிக்கிறது. அதைத் தேய்த்து எடுத்து, நன்றாகக் காயவிட்டு, வாடை குறைந்த எமல்ஷன் பெயிண்ட் பூசினால் தாங்குமா? முதலில் சீலர் (பெயிண்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு) அடிக்க வேண்டுமா?

வீட்டுக்காரர் துளை போட விடமாட்டார். ஆகவே ஸ்பிரிங் தொட்டிலைத் தொங்கவிட இரும்புச் சட்டம் தேடுகிறேன். லோரோங் கூலிட் சந்தையில் பழைய மரத்தொட்டில் வாங்கலாம் என்கிறார் மாமியார். கம்பிகளுக்கிடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்! பயன்படுத்திய சட்டம் வைத்திருப்பவர்கள் விலையுடன் எழுதுங்கள். ஜெலுத்தோங் வரை வந்து எடுத்துக்கொள்வோம்.