பனிக்கட்டி, நீர், நீராவி: சிறு குழந்தைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

கேள்வி:
வணக்கம். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் பொருள்களின் நிலைகளைக் கற்பித்து வருகிறேன். பனிக்கட்டி உருகுவதை எளிதில் புரிந்துகொள்ளும் அவர்கள், தரையில் சிந்திய நீர் காய்ந்ததும் அது இல்லாமலே போய்விட்டதாக உறுதியாக நம்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நீராவியை எவ்வாறு விளக்குவது?

மறுமொழி 1:
விளக்குவதைவிடக் காட்டுவதே மேல். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் சிறிது நீரை ஊற்றி, இறுக மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒட்டிவையுங்கள். சில மணி நேரத்தில் பையின் உட்புறத்தில் முத்து முத்தாகத் துளிகள் அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்து இறங்கும். அடியில் இருந்த நீர் மேலே எப்படிப் போனது என்று குழந்தைகளே கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும்வரை தயவுசெய்து பதிலைச் சொல்லிவிடாதீர்கள்.

மறுமொழி 2:
முழுமையாக உடன்படுகிறேன். ஆனால், கொதிக்கும் கெட்டிலிலிருந்து எழும் வெண்புகையையே நீராவி என்று பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள், அது சரியன்று. அந்த வெண்மை, நீராவி குளிர்ந்து மீண்டும் நீரானதால் உண்டான நுண்துளிகளின் கூட்டம். உண்மையான நீராவி நிறமற்றது. கெட்டிலின் மூக்குக்கும் வெண்மைக்கும் இடையே வெறுமையாகத் தோன்றும் சிறு இடைவெளியில்தான் அது இருக்கிறது. இதைப் பெரியவர்களே செய்ய வேண்டும். குழந்தைகள் தள்ளி நின்று பார்க்கட்டும்.

மறுமொழி 3:
உறைதலையும் விட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் குவளையில் நீர்மட்டத்தைக் கோடிட்டு உறையவைத்தால், பனிக்கட்டி கோட்டைத் தாண்டி நிற்கும். நீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. கண்ணாடிக் குவளை விரிசல் விடக்கூடும் என்பதால் அதைத் தவிருங்கள். பிறகு குவளையை மூடிவைத்து உருகவிட்டால், மட்டம் பழைய கோட்டுக்கே திரும்புவதையும் அவர்கள் பார்க்கலாம்.