பெயரில்லாத தாழமுக்கத்துக்கா இடுப்பளவு வெள்ளம்?

வெள்ளவத்தை வாடகைக்காரன்:
வெல்லம்பிட்டியில் மலிவாக ஒரு வீடு கிடைத்திருக்கிறது. முன்னறைச் சுவரில் இடுப்பளவில் ஒரு பழுப்புக் கோடு. "2016 மே வெள்ளம், அது பெரிய புயல், இனி வராது" என்கிறார் வீட்டுக்காரர். தேடிப் பார்த்தால் அந்த ரோனு புயல் பலமற்றதாம், கரையேறியதும் பங்களாதேஷில்தானாம். எதை நம்புவது?

கொலன்னாவைக்காரி:
தம்பி, பெரிய புயல் என்றால் நான் பயப்பட மாட்டேன், அது அபூர்வம். இது பலமில்லாத சோனிப் புயல். அதனால்தான் பயம்.

எங்கள் வீட்டில் தண்ணீர் ஏறியபோது அதற்குப் பெயரே இல்லை. காற்று மணிக்கு 63 கிலோமீற்றரைத் தொட்டால்தான் பெயர் வைப்பார்கள். வெறும் தாழமுக்கமாக எங்கள் கரையோரம் ஆறுதலாக நகர்ந்து கொட்டித் தீர்த்தது. 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்தது. பெயர் கிடைத்தது 19ஆம் திகதி, வடக்கே போன பிறகு. 21ஆம் திகதி சிட்டகொங் பக்கம் கரையேறிக் கலைந்தது. இலங்கையில் மட்டும் நூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

கொழும்பில் விழுந்த மழை மட்டுமல்ல, மலைநாட்டில் விழுந்ததும் களனி கங்கை வழியாகப் பிந்தி வந்து சேரும். எங்களுக்கு வெயில் எரித்த பிறகே தண்ணீர் வந்தது. அதுவும் வாசலால் அல்ல, குளியலறை வடிகால் துளையால், குமிழியிட்டுக்கொண்டு. அம்மா துணியை அடைத்து அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தார். துளை அடைபட்டது, தண்ணீர் கழிப்பறையால் வந்தது. பொழுதுபடுவதற்குள் எரிவாயு சிலிண்டர் குசினியில் மிதந்தது.

மட்டக்களப்பான்:
1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவன் நான். தென்னை முறியாவிட்டால் அது புயலே இல்லை என்பது எங்கள் ஊர்க் கணக்கு. 2016இல் "ஓர் ஓலைகூட விழவில்லையே" என்று மருமகனைக் கேலி செய்தேன். மூன்றாம் நாள் அவனைக் கொலன்னாவையிலிருந்து வள்ளத்தில் ஏற்றி வந்தேன்.

வெள்ளவத்தை வாடகைக்காரன்:
நன்றி அக்கா, ஐயா. அப்படியானால் வீட்டை விட்டுவிடவா?

கொலன்னாவைக்காரி:
மேல்மாடி இருந்தால் எடுங்கள். மழைக்காலத்தில் காற்றின் வேகத்தை விட்டுவிட்டு, கொழும்பில் களனி கங்கையை அளக்கும் நாகலகம் வீதி நீர்மட்டத்தைக் கேளுங்கள், அடிக்கணக்கில் சொல்வார்கள். 5 அடி சிறுவெள்ளம், 7 அடி பெருவெள்ளம். நான் 4 என்றதுமே குளிர்சாதனப் பெட்டியைச் செங்கல்லின்மேல் ஏற்றிவிடுவேன்.

வாடகையையும் குறைத்துக் கேளுங்கள். அந்தக் கோட்டின்மேல் பெயின்ட் அடிக்காமல் விட்டவர் நியாயமான மனிதராகத்தான் இருப்பார்.