ஆஸ்கர் சர்வதேசப் படக் குறும்பட்டியல்: அந்த 15 படங்களை எதைக் கொண்டு கணிப்பது?

வெள்ளித்திரை:

ஆஸ்கரின் சிறந்த சர்வதேசத் திரைப்படப் பிரிவுக்கு ஆண்டுதோறும் எண்பது, தொண்ணூறு நாடுகள் தலா ஒரு படத்தை அனுப்புகின்றன. அவற்றிலிருந்து 15 படங்களின் குறும்பட்டியல் வழக்கமாக டிசம்பரில் வெளியாகிறது. அது வருமுன்னரே ஊகித்து எழுதிவைப்பது எங்கள் திரைப்படச் சங்கத்தின் வழக்கம். பெரும்பாலோர் கான், வெனிஸ் விழாக்களில் பரிசு பெற்றவற்றையே எழுதுகிறார்கள். ஆனால் 2021இல் கானின் தங்கப் பனை விருதை வென்ற 'டிடான்', பிரான்சின் சார்பில் சென்றும் குறும்பட்டியலில் இடம்பெறவில்லை. அதே ஆண்டு ராட்டர்டாமில் புலி விருது பெற்று, இந்தியாவின் சார்பில் சென்ற பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' படத்துக்கும் இடம் கிடைக்கவில்லை. பூட்டானின் 'லுனானா'வோ விருதுக்குப் பரிந்துரைக்கப்படும் இறுதி ஐந்து படங்கள் வரை போனது. விழாப் பரிசை நம்ப முடியாதென்றால் வேறு எதை நம்புவது?

நடுவரிசை:

விழாவை ஒதுக்கிவிடாதீர்கள், 2024 டிசம்பரில் வெளியான பட்டியலின் 15 படங்களில் ஏழு, கானின் முதன்மைப் போட்டியிலோ பக்கப் பிரிவுகளிலோ முதலில் திரையிடப்பட்டவை. நீங்கள் கணக்கில் சேர்க்க வேண்டியது வாக்களிப்பு நடைபெறும் விதத்தை. முதல் சுற்றில், ஆஸ்கரை வழங்கும் அகாடமியின் எல்லாத் துறை உறுப்பினர்களும் விருப்பம் தெரிவித்துக் கலந்துகொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு படத்தொகுதி ஒதுக்கப்படும். அதில் குறைந்தபட்ச எண்ணிக்கையைப் பார்த்தால்தான் வாக்கு செல்லும். அதற்கு மேல் எவற்றைப் பார்ப்பது என்பது அவரவர் விருப்பம். ஆகவே, நியான், சோனி பிக்சர்ஸ் கிளாசிக்ஸ், நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் அமெரிக்காவில் வாங்கி, அங்குள்ள உறுப்பினர்களிடையே பேச்சை உண்டாக்கிய படத்தைக் கூடுதலானோர் பார்க்கிறார்கள். பார்க்கப்படாத படம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் வாக்குப் பெறாது.

'டிடான்' படத்துக்கு நியான் போன்ற வலுவான விநியோகஸ்தர் இருந்தும் வாய்ப்புக் கைநழுவியது. அதன் வன்முறையும் உடற்கொடூரமும் பலரை விலக்கியிருக்கும் என்றே கருதுகிறேன். இதற்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. 2007இல் தங்கப் பனை வென்ற கிறிஸ்டியன் முங்கியுவின் ருமேனியப் படம் 2008 ஜனவரியில் வெளியான ஒன்பது படப் பட்டியலில் விடுபட்டபோது கடும் கண்டனம் எழுந்தது. அதன் பிறகு, பொதுக்குழு ஆறு படங்களைத் தேர்ந்தெடுக்க, தனியொரு நிர்வாகக் குழு மேலும் மூன்றைச் சேர்க்கும் முறை வந்தது. துணிச்சலான, எளிதில் மனம் ஒட்டாத படங்களைக் காப்பாற்றிய வழி அதுவே. பட்டியல் 15ஆக விரிந்தபோது அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. இன்று கடினமான படத்தைக் கைதூக்கிவிட யாருமில்லை என்பதை மனத்தில் வைத்துக் கணியுங்கள். எனக்கு இது வருத்தம் தரும் மாற்றம். நிர்வாகக் குழு இருந்திருந்தால் 'டிடான்' நிச்சயம் உள்ளே வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மாலைக்காட்சி:

நடுவரிசை அவர்கள் சொன்னதுடன், படம் எந்த நாட்டின் பெயரில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாட்டுக்கு ஒரு படம்தான் என்பதால் பல நல்ல படங்கள் உள்நாட்டுக் குழுக்களின் மேசையிலேயே நின்றுவிடுகின்றன. 2024இல் கானின் கிராண்ட் பிரீ பரிசு பெற்ற பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' படத்தை இந்தியாவும் அனுப்பவில்லை, கூட்டுத் தயாரிப்பு நாடான பிரான்சும் அனுப்பவில்லை. இந்தியா 'லாபதா லேடீஸ்' படத்தையும் பிரான்ஸ் 'எமிலியா பெரெஸ்' படத்தையும் தேர்ந்தெடுத்தன. அதே ஆண்டு, சந்தியா சூரி இந்தியில் எடுத்த 'சந்தோஷ்' பிரிட்டனின் படமாகச் சென்று குறும்பட்டியலை எட்டியது. ஈரானை விட்டு வெளியேறிய முகமது ரசூலோஃபின் 'தி சீட் ஆஃப் தி சேக்ரட் ஃபிக்' ஜெர்மனியின் பெயரில் வந்து இறுதி ஐந்தில் இடம்பெற்றது. எனவே, நாடுகளின் தேர்வுகள் முழுவதும் அறிவிக்கப்படும்வரை பேனாவைத் தொடாதிருப்பதே நலம்.

நாடுகளின் பழைய வரலாறும் கைகொடுக்கும். 'அனதர் ரவுண்ட்' முதல் 'தி கேர்ள் வித் தி நீடில்' வரை டென்மார்க் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் குறும்பட்டியலில் இருந்தது. அங்கே தேர்வுக் குழு அகாடமி உறுப்பினர்களின் ரசனையை நன்கு அறிந்து செயல்படுவதாக எனக்குத் தோன்றுகிறது.

'கூழாங்கல்' பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில் குடிகாரத் தகப்பனும் மகனும் வெயிலில் நடந்துபோவதை அவ்வளவு அடக்கமாகக் காட்டிய படம் அது. இந்தியாவின் தேர்வு அக்டோபர் பிற்பகுதியில் அறிவிக்கப்பட்டது. குறும்பட்டியல் டிசம்பர் 21 அன்று வெளியானது. இரண்டே மாதங்களில், முதல் படம் எடுத்த ஓர் இயக்குநர் கலிஃபோர்னியாவில் உள்ளவர்களைத் தம் படத்தைப் பார்க்கவைப்பது எப்படி? நமது அறிவிப்பு ஆகஸ்டிலேயே வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெள்ளித்திரை:

மிக்க நன்றி. இன்னும் ஒரு சந்தேகம்: விழாவும் விநியோகஸ்தரும் நாட்டின் வரலாறும் துணைநிற்காத படங்களும் உள்ளே வருகின்றனவே, அவற்றுக்கு எத்தனை இடம் விட வேண்டும்?

நடுவரிசை:

மூன்று இடங்கள் விடுங்கள். 2023இல் ஆர்மீனியாவின் 'அமெரிகாட்சி', 2024இல் தாய்லாந்திலிருந்து முதன்முறையாகப் பட்டியலை எட்டிய, பாட்டியும் பேரனும் பற்றிய 'ஹவ் டு மேக் மில்லியன்ஸ் பிஃபோர் கிராண்ட்மா டைஸ்', செக் நாட்டின் 'வேவ்ஸ்' ஆகியவற்றைப் பாருங்கள். கதை தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கும். குடும்பப் பாசமோ, அடக்குமுறைக்கு முன் சாதாரண மனிதரின் உறுதியோ மையமாக இருக்கும். தமக்கு ஒதுக்கப்பட்ட தொகுதியில் எதிர்பார்ப்பின்றி இத்தகைய படத்தைப் பார்க்கும் உறுப்பினர் அதற்கு உயர்ந்த இடம் தருகிறார். 'லுனானா' நுழைந்த வாசலும் அதுவே. அந்த மூன்றை நிரப்ப, சொந்த நாட்டில் மக்கள் திரண்டு பார்த்த படங்களை முதலில் தேடுங்கள். தாய்லாந்துப் படத்தை அப்படித்தான் கண்டுபிடித்திருக்க முடியும்.